சிறு பழுதும் சரியான கூலியும்

கார் வாங்க முடிவு செய்யும்போது நாம் போடும் கணக்கில் பெரிய தொகைகள் அனைத்தும் இடம்பெற்றுவிடுகின்றன. முன்பணம் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, காப்பீட்டுக்கும் பதிவுக்கும் எவ்வளவு என்று காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கிறோம். கணக்கில் வராமல் நழுவுபவை சிறு தொகைகளே. வைப்பர் மாற்றியதற்கு இவ்வளவு, ஏர் ஃபில்டருக்கு இவ்வளவு, ஆயில் மாற்றியதற்கு இவ்வளவு என்று ஆண்டு முழுவதும் கடைக்காரரிடம் கொடுப்பதை நாம் ஒருபோதும் கூட்டிப் பார்ப்பதில்லை. சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்றிச் செலவுக்கும் பொருந்தும் பழமொழிதான்.

பத்து நிமிட வேலைக்குப் பட்டறையில் கேட்கும் கூலி நியாயமானதா? நாமே செய்துகொண்டால் உண்மையில் பணம் மிஞ்சுமா? எந்த வேலையை நாம் செய்யலாம், எதைத் தொடவே கூடாது? இக்கேள்விகளுக்கு விடை தேட ஏற்ற நகரம் கொல்கத்தா. இந்தியாவின் கார் வரலாற்றில் ஒரு நீண்ட அத்தியாயம் இந்நகரின் அருகில்தான் எழுதப்பட்டது. அந்த வரலாறு பழுதுபார்ப்பின் வரலாறும் ஆகும்.

உத்தர்பாடா விட்டுச்சென்ற பாடம்

கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையோடு வடக்கே சென்றால் உத்தர்பாடா வரும். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கே அமைந்திருந்தது. அந்தத் தொழிற்சாலையின் பெயராலேயே அருகில் ‘ஹிந்த் மோட்டார்’ என்ற ரயில் நிலையமும் உள்ளது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, 1950களின் இறுதியில் அம்பாசிடர் இங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை அதன் அடிப்படைத் தோற்றம் பெரிதாக மாறவில்லை. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சி என்றதும் நம் கண்முன் வருவதும் அந்தக் கார்தான்.

அம்பாசிடரின் முன்மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது அனைத்தும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். கார்புரேட்டர், பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், ஃபேன் பெல்ட் என ஒவ்வொன்றும் தனித்தனியே கழற்றிப் பூட்டக்கூடியவை. நடுவழியில் கார் நின்றுவிட்டால், டிரைவர் டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்துத் தாமே சரிசெய்து ஓட்டிச் செல்வது அன்றாடக் காட்சியாக இருந்தது. காரை ஓட்டத் தெரிந்தவருக்கு அதன் உடலமைப்பும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டியிருந்தது. இதனால் ஒரு மறைமுகப் பயனும் விளைந்தது. பட்டறைக்காரர் சொல்லும் பழுது உண்மையா, கேட்கும் கூலி தகுமா என்று எடைபோடும் அறிவு காரின் உரிமையாளரிடமே இருந்தது.

இன்றைய கார் அப்படிப்பட்டதன்று. முன்மூடியைத் திறந்தால் கறுப்பு நிற பிளாஸ்டிக் உறைதான் முதலில் தெரிகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ப உருவான கார்களில் இன்ஜினின் இயக்கத்தை உணரிகளும் கணினியும் ஆள்கின்றன. பழுதைக் கண்டறியவே மின்னணுக் கருவி தேவைப்படுகிறது. ஆகவே, காரைப் பற்றி நமக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை என்ற எண்ணம் பரவிவிட்டது. ஆனால் ஃபில்டர், வைப்பர், டயர், பேட்டரி, பல்பு ஆகியவை இன்றும் பெரும்பாலும் அன்றிருந்த எளிமையோடுதான் இருக்கின்றன. கணினிக்கு அஞ்சி இவற்றையும் தொடாமல் விட்டுவிட்டதில்தான் நம் பணம் கசிகிறது.

பில்லைப் பிரித்துப் படித்தல்

பட்டறை தரும் பில்லில் உதிரிபாகம், கூலி, வரி என்று மூன்று வரிகள் இருக்கும். ஆனால் நாம் விலைகொடுத்து வாங்குவது ஐந்து பொருள்களை. முதலாவது, உதிரிபாகம். இரண்டாவது, வேலை செய்பவரின் நேரமும் கைத்திறனும். மூன்றாவது, அவரிடம் இருந்து நம்மிடம் இல்லாத கருவிகளும் இடமும். நான்காவது, வேலை கெட்டுப்போனால் திருத்தித் தரும் பொறுப்பு. ஐந்தாவது, நம்முடைய அறியாமை. கடைசிப் பொருளுக்குப் பில்லில் தனி வரி இருக்காது. அது மற்ற நான்கின் விலைக்குள்ளும் ஒளிந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இங்கே தரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. காருக்குக் கார் இவை மாறும். ஏர் ஃபில்டரின் அதிகபட்ச சில்லறை விலை 450 ரூபாய், மாற்றுக்கூலி 200 ரூபாய் என்று கொள்வோம். பொட்டலத்தில் அச்சிட்ட விலையில் எல்லா வரிகளும் அடக்கம். எனவே உதிரிபாகத்துக்கு 450 ரூபாய்க்கு மேல் தர வேண்டியதில்லை. கூலிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 236 ரூபாய். மொத்தம் 686 ரூபாய். பெரும்பாலான கார்களில் இந்த வேலை சில கிளிப்புகளைத் தளர்த்தி, பழைய ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, மீண்டும் பூட்டுவதோடு முடிந்துவிடும். சில கார்களில் ஒரு ஸ்குரூ டிரைவர் தேவைப்படலாம். பத்து நிமிடம் செலவிட்டால் 236 ரூபாய் நம்மிடமே நிற்கிறது.

இதே முறையில் இன்ஜின் ஆயிலைக் கணக்கிட்டால் விடை தலைகீழாகிறது. கூலி 400 ரூபாய் என்றால் வரியுடன் 472 ரூபாய். இதை மிச்சப்படுத்த காரின் அடியில் புக வேண்டும். அதற்கு உறுதியான தாங்கிகள், ஆயிலை வடித்துப் பிடிக்கும் தட்டு, ஃபில்டரைத் திருகும் கருவி, சரியான அளவு ஸ்பேனர் எல்லாம் வேண்டும். இவற்றை வாங்க 3,500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுபவருக்கு அந்த முதலீடு திரும்பிவர ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அடுக்குமாடிக் கட்டடத்தின் குறுகிய வாகன நிறுத்துமிடத்தில் படுத்தபடி செய்ய வேண்டிய வேலை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பட்டறை கேட்கும் 472 ரூபாய் இப்போது நியாயமாகவே தோன்றும்.

ஆக, ‘கடையில் கொடுப்பது லாபமா, நஷ்டமா’ என்று மொத்தமாகக் கேட்பதற்கு விடை இல்லை. ஒவ்வொரு வேலையிலும் மேற்சொன்ன ஐந்தில் எதற்கு நாம் அதிகம் கொடுக்கிறோம் என்று பார்ப்பதே சரியான வழி. திறனுக்கும் கருவிக்கும் பொறுப்புக்கும் கொடுப்பது நியாயமான விலை. அறியாமைக்குக் கொடுப்பது அபராதம்.

நோயும் மருந்தும் ஒரே கையில்

கத்தரிக்காய் சொத்தை என்றால் நறுக்கும்போது தெரிந்துவிடும். உணவு விடுதியின் சுவை உண்டபின் தெரியும். பழுதுபார்ப்பின் தரமோ பணம் கொடுத்த பின்னும் தெரிவதில்லை. கார் ஓடுகிறது என்பது மட்டுமே நமக்குத் தெரியும். மாற்றப்பட்ட பாகம் மாற்றத்தான் வேண்டியிருந்ததா, இன்னும் ஓராண்டு உழைத்திருக்குமா என்பதை நாம் அறிய வழியில்லை.

மைக்கேல் டார்பி, எடி கார்னி என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இந்தச் சிக்கலை எடுத்துப் பேசியது. வாங்கிப் பயன்படுத்திய பின்னும் தரத்தை எளிதில் அறிய முடியாமல், விற்பவரை நம்பியே வாங்க வேண்டிய சேவைகளை அவர்கள் தனி வகையாகப் பிரித்தனர். பழுது என்ன என்று சொல்பவரும் அதை நீக்கிக் கூலி பெறுபவரும் ஒருவரே என்பதால், தேவையற்ற வேலையையும் தேவை என்று சொல்லும் தூண்டுதல் அங்கே இயல்பாகவே எழுகிறது.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வு சான்றாக உள்ளது. 1992ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கலிபோர்னியா மாநில நுகர்வோர் துறை, சியர்ஸ் நிறுவனத்தின் கார் பழுதுநீக்க நிலையங்கள் மீது குற்றம் சாட்டியது. வாடிக்கையாளரைப் போலச் சென்று பார்த்த அதிகாரிகளிடம், தேவைப்படாத வேலைகளுக்கும் பணம் கேட்கப்பட்டிருந்தது. அங்கிருந்த ஊழியர்களுக்கு விற்பனை இலக்கும் தரகுத்தொகையும் விதிக்கப்பட்டிருந்தது பின்னர் பெரிய விவாதமானது. தனிமனிதரின் நேர்மையைக் காட்டிலும் ஊதியம் வகுக்கப்படும் முறையே வேலையின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. மரத்தடிப் பட்டறைதான் ஏமாற்றும், கண்ணாடிச் சுவர் வைத்த சர்வீஸ் சென்டர் ஏமாற்றாது என்ற பொது நம்பிக்கைக்கு இதில் ஆதாரம் இல்லை. மறுபுறம், பெரிய நிறுவனம் என்றாலே கொள்ளை என்பதும் உண்மையன்று.

இதற்கு எளிய மாற்று உண்டு. நோயைச் சொல்பவரையும் மருந்து தருபவரையும் இயன்றவரை பிரித்துவிட வேண்டும். காருடன் தரப்படும் கையேட்டில் எந்தப் பாகத்தை எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற அட்டவணை இருக்கும். நமக்கு எதையும் விற்கும் நோக்கமில்லாத முதல் மருத்துவர் அந்த அட்டவணைதான். இன்ஜின் உட்புறச் சுத்தம், ஏ.சி. கிருமிநீக்கம், மெருகூட்டல் என்று பில்லில் சேரும் பணிகளில் எவை அட்டவணையில் உள்ளன, எவை இல்லை என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். பெரிய செலவு என்றால், வேறோர் இடத்தில் சோதனைக் கட்டணம் மட்டும் கொடுத்து இரண்டாவது கருத்தைக் கேட்பது வீண்செலவாகாது.

நம் கைக்கு உரிய வேலைகள்

கொல்கத்தாவின் பருவங்களே ஒரு பராமரிப்பு நாட்காட்டியைத் தருகின்றன. சித்திரை, வைகாசியில் ‘கால்பைசாகி’ எனப்படும் மாலைப் புயல் மழை. ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை பருவமழை. குளிர்காலத்தில் தூசியும் புகைமூட்டமும். மழைக்கு முன் வைப்பர், குளிருக்குப் பின் ஏர் ஃபில்டர் என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

வைப்பர் ரப்பரும் அதன் தண்டும் கொக்கியில் மாட்டுபவை. புதியதை வாங்கும்போது இரு பக்கத்துக்கும் நீளம் வேறுபடலாம் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். பழைய தண்டைக் கழற்றியபின் அதைத் தாங்கும் கை கண்ணாடியில் மோதாதபடி ஒரு துணியை விரித்துவைப்பது நல்லது. ஏ.சி. ஃபில்டர் பல கார்களில் முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள பெட்டியின் பின்புறம் இருக்கும். பெட்டியைத் தளர்த்தினால் இழுத்தெடுக்கலாம். காற்று செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி அதில் அச்சாகியிருக்கும்; அதே திசையில் புதியதை வைக்க வேண்டும். கண்ணாடி கழுவும் நீரை நிரப்புவது, ஆயில் குச்சியை எடுத்து அளவு பார்ப்பது, ஃபியூஸ் மாற்றுவது ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

டயர் காற்றழுத்தம் தனியே குறிப்பிடத்தக்கது. சரியான அளவு டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். கையடக்க அளவுமானி ஒன்று இருந்தால் காலையில் டயர் சூடேறும் முன் பார்த்துவிடலாம். காற்று குறைந்த டயர் எரிபொருளைக் கூடுதலாகக் குடிப்பதோடு ஓரங்களில் சீக்கிரம் தேய்ந்தும் போகிறது. செலவே இல்லாத இந்த வேலைதான் நமக்கு அதிகப் பணத்தை மிச்சப்படுத்தித் தருகிறது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

இவற்றால் ஆண்டுக்கு மிஞ்சும் தொகை ஆயிரம் ரூபாயோ அதற்குச் சற்றுக் கூடுதலோ இருக்கலாம். உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. தன் கையால் ஃபில்டரை மாற்றியவரிடம், மூன்று மாதத்தில் மீண்டும் மாற்ற வேண்டும் என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. மாதம் ஒருமுறை முன்மூடியைத் திறப்பவர் கசிவையும் புதிய ஓசையையும் முன்கூட்டியே கண்டுகொள்கிறார். சிறு வேலைகளைச் செய்து பழகுவதால் பெரிய பில்லைப் படிக்கும் கண் கிடைக்கிறது.

கடைக்கு விட வேண்டியவை

பேட்டரி மாற்றுவது எளிய வேலைதான். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில், பூட்டும்போது அதையே கடைசியில் என்ற விதி தெரிந்தால் போதும். ஆயினும் இதைக் கடைக்கு விடுவதே சிக்கனம். பல விற்பனையாளர்கள் வீட்டுக்கே வந்து பூட்டித் தருகிறார்கள். அதற்குத் தனிக் கூலி கேட்பதில்லை. பழைய பேட்டரியில் உள்ள ஈயத்துக்கு மதிப்பு உண்டு என்பதால் அதற்கான தொகையையும் புதிய விலையில் கழிக்கிறார்கள். உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் பதிவாகின்றன. நாட்டின் முன்னணி பேட்டரி நிறுவனமான எக்சைடு இண்டஸ்ட்ரீசின் தலைமையகம் இதே கொல்கத்தாவில் உள்ளது. இங்கே பேட்டரிக் கடைகளுக்கும் குறைவில்லை. இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டபின் வாங்குவது நல்லது.

ஆயில் மாற்றத்தைப் பட்டறைக்கு விடுவதற்கு, முன்பு கண்ட கணக்கைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. வடித்தெடுத்த பழைய ஆயிலை என்ன செய்வது? நம் நாட்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. கொல்கத்தாவின் சாக்கடை நீர் கிழக்கே உள்ள சதுப்பு நிலங்களுக்குச் செல்கிறது. ‘பேரி’ எனப்படும் அங்குள்ள குளங்களில் அந்நீரைச் சூரிய ஒளியும் பாசியும் தூய்மைப்படுத்த, அதில் மீன் வளர்க்கிறார்கள். அருகே காய்கறியும் விளைவிக்கிறார்கள். ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இச்சதுப்பு நிலங்கள் 2002ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அங்கு விளையும் மீனும் கீரையும் நகரின் சந்தைகளுக்கே திரும்பி வருகின்றன. சாக்கடையில் ஊற்றிய ஆயில் எங்கே போகிறது என்ற கேள்விக்கு இந்நகரில் விடை மிக அருகில் இருக்கிறது. பழைய ஆயிலை முறையாகச் சேர்த்துவைத்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறைக்குக் கொடுக்கும் கூலியில் அந்தப் பொறுப்பின் விலையும் அடங்கும்.

பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், ஏர்பேக் ஆகியவற்றில் கை வைக்கவே கூடாது. இங்கே சேமிப்பு என்ற சொல்லுக்கே இடமில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிக்க ஊரில் கையேடு சொல்லும் காலத்தைத் தாண்ட விடாமல் அதை மாற்றுவது அவசியம். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும் ஆபத்து. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையை நீட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மழைநீர் தேங்கும் தெருக்கள் கொல்கத்தாவில் ஏராளம். நீரில் நின்றுவிட்ட காரை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் நீர் புகுந்து உட்பாகங்கள் வளைந்து உடையக்கூடும். சாதாரண காப்பீட்டில் இவ்வகைச் சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். இன்ஜின் பாதுகாப்புக்கென உள்ள கூடுதல் காப்பீட்டை எடுத்திருந்தாலே உதவி கிடைக்கும். அந்நேரத்தில் சாவியைத் தொடாமல் காரை இழுத்துச் செல்ல ஆள் அழைப்பதே மிகச் சிக்கனமான பழுதுபார்ப்பு.

மல்லிக் பஜாரும் சட்டமும்

ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் பார்க் ஸ்டிரீட்டும் சந்திக்கும் பகுதியில் உள்ள மல்லிக் பஜார், கார் உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற இடம். புதிய பாகங்களும், பிரிக்கப்பட்ட பழைய கார்களின் பாகங்களும் அங்கே கிடைக்கின்றன. கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடி, விளக்கின் மேலுறை போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. பிரேக் பாகங்கள், டயர், ஏர்பேக் ஆகியவற்றை அவ்வாறு வாங்கக் கூடாது. புதிய பாகம் என்றால் முத்திரை பிரியாத பொட்டலமும், அச்சிட்ட விலையும், பில்லும் இருக்க வேண்டும்.

வெளிச்சந்தையில் உண்மையான பாகங்கள் கிடைப்பது வாடிக்கையாளரின் உரிமையோடு தொடர்புடையது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததால் போட்டி குன்றியது என்பது ஆணையத்தின் முடிவு. அந்தப் பதினான்கில் உத்தர்பாடாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்சும் ஒன்று. வெளிப்பட்டறையில் வேலை செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக முழு உத்தரவாதத்தையும் ரத்து செய்யும் பொதுவான நிபந்தனையை விதிக்கக் கூடாது என்றும் ஆணையம் கூறியது. இம்முடிவை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. ஆகையால் உத்தரவாதக் காலம் முடியும் வரை, வெளியில் வேலை கொடுக்கும் முன் உத்தரவாத நூலின் நிபந்தனைகளைப் படித்துவிடுவது பாதுகாப்பு. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுநீக்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியபோது, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது.

மிஸ்திரியின் பக்கம்

கொல்கத்தாவில் மெக்கானிக்கை ‘மிஸ்திரி’ என்று அழைப்பார்கள். இதுவரை நாம் பேசியது கொடுப்பவரின் நியாயத்தை. பெறுபவருக்கும் ஒரு நியாயம் உண்டு. ‘ஐந்தே நிமிட வேலைக்கு இவ்வளவா’ என்று நாம் கேட்கும்போது, அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் இருக்கும் ஆண்டுகளை மறந்துவிடுகிறோம். எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கை அறிந்த கல்வி. சிறு வயதில் பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்து, கிரீசும் புகையும் படிந்த ஆண்டுகளைக் கழித்தே பலர் அதைப் பெறுகிறார்கள். விரைவாக முடித்தார் என்பதற்காகக் கூலியைக் குறைப்பது திறமைக்குத் தண்டனை கொடுப்பதாகும். அதே வேலையைத் தடவித் தடவி இரண்டு மணி நேரம் செய்பவருக்கு நாம் மறுக்காமல் கொடுத்துவிடுகிறோம்.

கூலியில் அடித்துப் பேசினால் அந்த இழப்பை ஈடுகட்டும் வழிகள் பட்டறைக்கு உண்டு. தரம் குறைந்த பாகம் உள்ளே போகலாம்; தேவையற்ற ஒரு வேலை பில்லில் ஏறலாம். உதிரிபாக விலையில் கண்ணாகவும் கூலியில் கை தாராளமாகவும் இருப்பது நம் காருக்கே நல்லது. வழக்கமாகச் செப்டம்பர் 17 அன்று வரும் விஸ்வகர்மா பூஜையில், இந்நகரின் பட்டறைகள் வேலையை நிறுத்திவிட்டுக் கருவிகளுக்குப் பூச்சூட்டுகின்றன. வானில் பட்டங்கள் பறக்கின்றன. ஆயுத பூஜையன்று அரிவாள்மனைக்கும் தையல் இயந்திரத்துக்கும் சந்தனம் வைத்துப் பழகிய நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. கருவியை மதிப்பவர்கள் அதைப் பிடிக்கும் கையையும் மதிக்க வேண்டும்.

பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியவை

வேலை தொடங்கும் முன் என்னென்ன செய்யப்படும், எவ்வளவு ஆகும் என்பதை எழுத்தில் பெறுங்கள். கூடுதல் வேலை தேவைப்பட்டால் கேட்டபின்பே செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பேட்டரி போல மாற்றுமதிப்பு கழிக்கப்பட்டவை நீங்கலாக, அவை உங்கள் பொருள்கள்.

பில்லில் உதிரிபாகமும் கூலியும் தனித்தனியே இருக்கட்டும். ஜி.எஸ்.டி. பதிவு எண் இல்லாத சிறு பட்டறை வரி வசூலிக்க முடியாது. எண் இல்லாத பில்லில் வரி மட்டும் இருந்தால் விளக்கம் கேளுங்கள். தொகையை யு.பி.ஐ. வழியாகவோ கார்டு வழியாகவோ செலுத்தினால் உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையே சான்றாக நிற்கும். ஆண்டு இறுதியில் காருக்கென எவ்வளவு செலவானது என்பதையும் அது சொல்லிவிடும். பில்களைத் தேதி வாரியாக ஓர் உறையில் போட்டுவைத்தால், காரை விற்கும் நாளில் நல்ல விலைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

குறை இருந்தால் முதலில் பட்டறையிடமே எழுத்தில் தெரிவியுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை.

முதலில் எழுப்பிய கேள்விக்கு இனி விடை சொல்லலாம். பட்டறைக்குக் கொடுக்கும் பணம், நம்மால் இயலாததை வாங்கும்போது நியாயமானது. நாம் அறிய மறுத்ததை வாங்கும்போது வீணானது. அறிந்து கொடுப்பவருக்குப் பேரம் பேச வேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்கி, காரின் கையேட்டை எடுத்து, பராமரிப்பு அட்டவணை உள்ள பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அதற்குக் கூலியும் இல்லை, வரியும் இல்லை.